கயிறு கட்டிய நான்காம் நாள்

என் மகனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கயிறு கட்டினோம். எங்கள் செஞ்சிப் பக்கத்தில் கயிறு கட்டுவது என்று மட்டும் சொன்னால் போதும், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அம்மன் காலடியில் வைத்து எடுத்த மஞ்சள் கயிற்றைப் பூசாரி வலது மணிக்கட்டில் கட்டி, கற்பூரத்தின் மேல் கையடித்துச் சத்தியம் வாங்குவார். நாற்பத்தெட்டு நாள் சாராயத்தைத் தொடக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கட்டு உண்டு. கயிறு கையில் இருக்கும் வரை அந்தப் பேச்சையே வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் சத்தியம் கலைந்து, கட்டியவன் உயிருக்கு ஆகாது என்றார் பூசாரி. அன்றிலிருந்து நான் 'குடி' என்ற சொல்லையே விட்டுவிட்டேன். தண்ணீரைக்கூடச் சாப்பிடு என்றுதான் சொன்னேன்.

அவன் கமிட்டியில், அதாவது நெல் ஏலம் போடும் இடத்தில், மூட்டை தூக்கும் ஆள். எட்டு வருஷமாகக் காலையில் பல் விளக்கியதும் ஒரு கட்டிங் சாராயம் உள்ளே போனால்தான் அவனுக்குக் கை நிற்கும். மருமகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு அனந்தபுரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். "நாப்பத்தெட்டு நாள் ஒழுங்கா இருந்து காட்டச் சொல்லுங்க அத்த, நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்காகத்தான் அவன் கையை நீட்டினான்.

கட்டிய மறுநாள் காலையில் வேலைக்குப் போய், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டான். கூட மூட்டை தூக்குபவர்கள் கயிற்றைப் பார்த்து, "இன்னா மாமா, உனக்கே தாலி ஏறிடுச்சா? மாப்ள யாரு?" என்று கேட்டார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கை நடுங்கியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

எனக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் சுகாதாரப் பெண் ஒருத்தி உண்டு. மாதம் ஒருமுறை வருவாள், இந்தப் பக்கம் வந்தால் நடுவிலும் எட்டிப் பார்ப்பாள். கயிறு கட்டுவதற்கு முன்பே அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். "பெரிம்மா, இவ்ளோ நாள் குடிச்சவங்க ஒரேடியா நிறுத்தக் கூடாது. ஒடம்பு தாங்காது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர் வர்றாரு. மாத்திர குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துவாங்க. நானே கூட வர்றேன்."

சரி என்று தலையாட்டினேன். போகவில்லை. அந்த டாக்டர் உட்காரும் அறைக்கு ஊரில் மூளை டாக்டர் ரூம் என்று பெயர். வெளியே பெஞ்சு போட்டிருக்கும். மாத்திரை வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் நாலு பேர் இருக்கும் இடத்தில் நிமிர்ந்து பார்க்கவே கூசுகிறவள். கோயிலுக்குப் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கோயிலுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு உடம்பெல்லாம் வேர்வை. தூங்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மலை. பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, யாரோ அள்ளிக் கொட்டிய மாதிரி கிடக்கும். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எம்மா, பாறைங்க எறங்குது. ஒன்னு ஒன்னா எறங்குது. கதவச் சாத்து."

"ஒன்னும் எறங்கல, படுடா."

"வூட்டு மேல வருதும்மா. கண்ணு தெரியலயா ஒனக்கு?"

அம்மன்தான் அவன் உடம்பில் இருக்கும் விஷத்தை விரட்டுகிறாள் என்று நினைத்தேன். நெற்றியில் திருநீறு பூசினேன். திங்கட்கிழமை காலையில் சுகாதாரப் பெண் எங்கள் தெருவில் வந்தவள், வாசலிலிருந்து அவனைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா பெரிம்மா, அண்ணனுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது? நிறுத்திட்டாரா?"

"ஜொரம்மா" என்றேன்.

"ஜொரமா, இல்ல நிறுத்திட்டாரா?"

"ஜொரந்தான்."

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. வாயில் நுரை. பல் நாக்கைக் கடித்து ரத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயதுப் பெண் டாக்டர், தெற்கத்திக்காரர். வலிப்புக்கு ஊசி போட்டபடியே என்னைக் கேட்டார்.

"அம்மா, இவர் குடிப்பாரா?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அவன் கையில் கயிறு இருந்தது. நான் வாயைத் திறந்தால் அவன் உயிருக்கு ஆகாது என்று அன்றைக்கு நிஜமாகவே நம்பினேன். வெட்கமும் இருந்தது. எது அதிகம் என்று இத்தனை நாள் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

"இல்லீங்க" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கொஞ்சநஞ்சம்கூட இல்லையா? இது என்ன கயிறு?"

"கோயில் கயிறுங்க. காய்ச்சல்தான், நாலு நாளா."

இந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் கயிற்றைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். அவருக்குத் தெரிய வழியில்லை. மூளைக் காய்ச்சலாக இருக்கும் என்று அதற்கான வைத்தியம் பார்த்தார்கள். குளுக்கோஸ் ஏறியது. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு தடவை கேட்டார்கள், இரண்டு தடவையும் பொய் சொன்னது நான்.

மறுநாள் சாயங்காலம் மருமகள் வந்தாள். அவனைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். பார்த்தவள் நேராக டாக்டரிடம் போனாள்.

"எட்டு வருசமா காலையிலேருந்து குடிக்கிறாரு டாக்டர். வெள்ளிக்கிழமை கயிறு கட்டி ஒரேடியா நிறுத்தியிருக்காங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ரெண்டு வாட்டி கேட்டேனே" என்றார். நர்ஸைக் கூப்பிட்டார். ஓடிப்போய் வேறு ஊசி எடுத்துவரச் சொன்னார். வருஷக்கணக்கில் குடிப்பவர்களுக்கு உடம்பில் ஒரு சத்து வற்றிப்போயிருக்குமாம். அந்தச் சத்தை ஊசியில் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையைப் பிடித்துவிடுமாம். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

உயிர் பிழைத்தான். ஆனால் நினைவு போய்விட்டது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "எம்மா, சோறு போடலயா?" என்பான். மேல்சித்தாமூர் நெல் லாரி வந்துவிட்டதா என்று ஒரே காலையில் பத்து தடவை கேட்பான். சாராயக் கடைக்கு வழி தெரியவில்லை, கேட்கவும் இல்லை. "எப்டியோ வுட்டுட்டான் பாரு, கயிறு வேல செஞ்சிடுச்சி" என்று தெருவில் ஒருத்தி சொன்னாள். கிண்டலாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது வியாழக்கிழமைதோறும் அந்தப் பெஞ்சில் அவனோடு உட்காருகிறேன். முதல் நாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவளும் மூடிக்கொண்டிருந்தாள். அவள் என் தெருவுக்கு அடுத்த தெரு. வியாழக்கிழமை டாக்டர் எனக்குச் சொன்னது ஒன்றுதான். "அவருக்கு மறந்ததை நீங்க பொய் வெச்சு நிரப்பாதீங்கம்மா. எத்தனை தடவ கேட்டாலும் நடந்ததையே சொல்லுங்க."

போன மாதம் மருமகள் பெண்ணை அழைத்துவந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறது. இரட்டைச் சடை போட்டு, அப்பாவைப் பார்க்கப் புதுப் பாவாடை கட்டியிருந்தது. அவன் மனைவியை அடையாளம் கண்டுகொண்டான். "எப்ப வந்த?" என்று கேட்டான். பிறகு குழந்தையைப் பார்த்தான்.

"இது யாரு வூட்டுப் பொண்ணு?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தது.

"பக்கத்துத் தெரு" என்றது, மெல்ல.

அவனுக்கு ஒரே சிரிப்பு. "எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது. இப்பதான் நடக்குது. செவுத்தப் புடிச்சிக்கினு வரும்" என்று நடந்தும் காட்டினான்.

அப்படியே விட்டிருக்கலாம். அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். நான் குழந்தையை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"டேய், இது ஒன் பொண்ணுதான்" என்றேன். "மூணாவது படிக்குது. நீ எட்டு வருசம் குடிச்ச. ஒரேடியா நிறுத்தி வலிப்பு வந்துச்சி. நீ குடிப்பியான்னு டாக்டர் கேட்டாங்க, நான் இல்லன்னுட்டேன். அதுல ஒனக்கு எல்லாம் மறந்துபோச்சி."

அவன் வெகுநேரம் குழந்தையைப் பார்த்தான். ஒரு சடையைத் தொட்டான். "இவ்ளோ வளந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு அழுதான். குழந்தை, "நைனா, அழாத" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனான். துண்டால் துடைத்துக்கொண்டே வந்து வாசற்படியில் நின்றான்.

"எம்மா, இது யாரு வூட்டுப் பொண்ணு?"

குழந்தை என்னைப் பார்த்தது. நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.