வெற்றுப் படிவத்தில் போட்ட கையெழுத்து

கையெழுத்து என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் என் கையைப் பிடித்து இழுத்துப் போட வைக்கவில்லை. என் கடையில், என் ஸ்டூலில் உட்கார்ந்து, என் பேனாவால் போட்டேன்.

விளாங்குடியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. சமயநல்லூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் எரிந்துபோன கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். அந்தக் கடையில் இருந்தபடியே இருபத்தைந்து வருஷம் எங்கள் கட்சிக்கு பூத் வேலை பார்த்தேன். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்கள், மீதிப் பேர் சந்தோஷப்படுவீர்கள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

பூத் வேலை என்பது பெரிய வித்தை இல்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். யார் செத்தார், யார் ஆனையூருக்கு வீடு மாறினார், எந்தப் பெண் கல்யாணமாகிப் போனாள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி. நமக்குப் போடுபவர் என்றால் டிக். அவர்களுக்குப் போடுபவர் என்றால் பெருக்கல். தெரியவில்லை என்றால் வட்டம். பெருக்கல் வீட்டில் நேரத்தை வீணாக்காமல் வட்டம் போட்ட வீட்டுக்குப் போக வேண்டும். குறியின் உபயோகம் அவ்வளவுதான்.

எதிர்க்கட்சி ஏஜென்ட் ஓர் எலெக்ட்ரீஷியன், என்னைவிடச் சின்னவன். ஓட்டுப்பதிவு அன்று இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம். மத்தியானம் யாருக்குப் பொட்டலம் முதலில் வந்தாலும் ஆளுக்குப் பாதி.

"அண்ணே, உங்க கட்சி வாக்குறுதி மாதிரியே இருக்கு. பிரியாணின்னு சொல்றாய்ங்க, ஒரு பீஸக் காணோம்" என்பான்.

"தின்னுட்டுப் பேசுடா" என்பேன்.

அவனைத் தோற்கடிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அவன் இருக்கவே கூடாது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பிறகு திருநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி முகாம் வைத்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர், கசங்காத சட்டை போட்டவர், திரையில் படம் காட்டிப் பேசினார். எதிர்க்கட்சி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. பகைவர் என்றார். இந்த மண்ணில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருப்பவன் தட்டுகிறானா என்று ஒவ்வொருவனும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தட்டினோம். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். சாப்பாடு போடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வட்டச் செயலாளர் என் பழைய கூட்டாளி. சொந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். வாக்காளர் பட்டியல் திருத்தம் நடந்தபோது ஒருநாள் காலை ஒரு கட்டுப் படிவத்தோடு கடைக்கு வந்தான். நான் ஒரு மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, இதுல கையெழுத்துப் போடு. உன் பட்டியலையும் குடு. மேல கேக்குறாய்ங்க."

"எதுக்குடா?"

"செத்தவங்க, ஊர விட்டுப் போனவங்க பேர எடுக்கணும்ல."

"ஒண்ணுமே எழுதாம இருக்கு?"

"இம்புட்டையும் நீயா எழுதப்போற? ஆபீஸ்ல எழுதிக்குவாய்ங்க. நீ போட்டுட்டு வார்னிஷ ஊத்து."

எங்கள் வேலையில் இது வழக்கம். ஏஜென்ட் படிவமோ வேறெதுவோ, முதலில் கையெழுத்து, பிறகுதான் எழுத்து. கட்சிக்காரன் நீட்டியதைக் கட்சிக்காரன் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் அது அவமரியாதை. அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தோம். மடத்தனம். கை வலிக்கும்வரை போட்டேன். குறி போட்ட பட்டியலையும் எடுத்துக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து டீச்சர் வந்தார். இரண்டு தெரு தள்ளி இருப்பவர். மிஷன் பள்ளியில் கணக்கு எடுத்து ரிட்டயரானவர். கணவர் இறந்த பின் அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். என் மகள் கணக்கில் தேறியது இவரால்தான். தேர்தலுக்குத் தேர்தல் அவர் வீட்டு வாசலில் நிற்பேன். "உங்க ஆளுக்குப் போட மாட்டேன் தம்பி. தண்ணி குடிச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க" என்பார். ஒளிக்கவே மாட்டார். அவர் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் பெருக்கல்தான்.

ஒரு நோட்டீஸை என் மேசைமேல் வைத்தார். இந்த முகவரியில் இவர் வசிக்கவில்லை, நிரந்தரமாக வெளியூர் போய்விட்டார், பெயரை நீக்க வேண்டும் என்று ஆட்சேபணை. ஆட்சேபித்தவர் நான்.

"நான் எந்த ஊருக்குப் போயிருக்கேன்னு கொஞ்சம் சொல்லுங்க தம்பி. எனக்கே தெரியாமப் போயிருக்கேன் போல."

"டீச்சர், சத்தியமா நான் எழுதல."

"கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"பரீட்சப் பேப்பர்ல பேரப் போட்டுட்டு அடுத்தவன எழுதச் சொன்னா, மார்க்கு யாருக்கு?"

மீதியையும் அவரே சொன்னார். அவர் தெருவில் சர்ச்சுக்குப் போகிற வீடுகளுக்கெல்லாம் வந்திருக்கிறது. பின்தெருவில் முஸ்லிம் வீடுகளுக்கு வந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் வீட்டுக்கும் வந்திருக்கிறது. பாதிப் பேர் அதைக் கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் என்று நினைத்து அலமாரியில் செருகி வைத்திருக்கிறார்கள். விசாரணைக்குப் போகாவிட்டால் பெயர் போய்விடும்.

வட்டச் செயலாளருக்குப் போன் போட்டேன்.

"டீச்சரு எங்கயும் போகலடா."

"போகலைன்னா போகட்டும்."

"என்னடா பேசுற?"

"பெருக்கல் போட்டது நீதான மாப்ள? நாங்களா போட்டோம்?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வாய மூடிட்டு இரு. மேல இருக்கவங்க முன்ன மாதிரி இல்ல. எனக்கே பயமா இருக்கு. உன் கடை ரோட்டு மேல இருக்கு, பாத்துக்க."

இருபத்தைந்து வருஷம் என்னோடு போஸ்டர் ஒட்டியவன். மிரட்டினானா, எச்சரித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விசாரணை நாளில் டீச்சரோடு போனேன். அலுவலக வாசலில் எங்கள் கட்சிப் பயல்கள் நாலைந்து பேர் நின்று, உள்ளே போகிற ஒவ்வொரு முகத்தையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் பிடித்தார்கள். ஒருவன்கூட அண்ணே என்று கூப்பிடவில்லை.

அதிகாரி ஒரு பெண். படிவத்தின் அடியில் இருந்த வரியை விரலால் காட்டினார்.

"பொய்யான தகவல் குடுத்தா தண்டனைன்னு போட்டிருக்கே, படிச்சீங்களா?"

"படிக்கலம்மா."

"நீங்க எழுதிக் குடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். யோசிச்சுக்கங்க."

யோசித்தால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். உடனே பேப்பர் வாங்கி எழுதினேன். கையெழுத்து என்னுடையது, மற்ற எழுத்து என்னுடையது இல்லை, டீச்சர் அதே வீட்டில்தான் இருக்கிறார், என் பெயரில் வந்த ஆட்சேபணை எல்லாமே பொய். டீச்சர் பெயர் தப்பியது. ஆனால் மற்றவர்களுடையதை ஒரே தாளில் தள்ளுபடி செய்ய முடியாதாம். ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டும். விசாரணை முடிய இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

அன்று மாலைக்குள் கட்சியின் வாட்ஸ்அப் குரூப்பில் என் போட்டோவைப் போட்டு துரோகி என்று எழுதி, என்னை நீக்கிவிட்டார்கள். நான் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

"ஓட்டுக் கேக்கப் போறப்பகூட நீங்க இப்பிடி வேர்த்து நான் பாத்ததில்லண்ணே" என்றான். நான் சிரிக்கவில்லை. அவனும் இரண்டாவது முறை சொல்லவில்லை. தெருமுனையில் இரண்டு பைக்குகள் எங்களோடு நகர்ந்துகொண்டிருந்தன.

சிலர் கிளம்பி வந்தார்கள். சிலர் என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அதில் தப்பே இல்லை. பின்தெருவில் ஓர் ஆட்டோ டிரைவர். அவர் வீட்டில் நான்கு ஓட்டு. கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினார்.

"வாங்க பாய், நானே கூட்டிட்டுப் போறேன். பத்து நிமிஷ வேல."

"போன வாரம் உங்க ஆளுக ரெண்டு பேரு வந்தாய்ங்க. விசாரணைக்குப் போனா எந்த நாட்டுக்காரன்னு கேப்பாங்க, உள்ள தூக்கி வச்சிருவாங்கன்னு சொல்லிட்டுப் போனாய்ங்க."

"பொய் பாய் அது. நம்பாதீங்க."

"நோட்டீஸு மட்டும் நெசமா? அதுவும் உங்க பேர்லதான வந்துச்சு?"

நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். எலெக்ட்ரீஷியன் சத்தியம் பண்ணினான். அவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்களைத் தாண்டி, தெருமுனையில் நின்ற பைக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு போனாப் போகட்டும்ணே. ஆளு இருந்தாப் போதும்."

கடைசி நாள் அலுவலகம் பூட்டும்வரை வாசலில் நின்றேன். அவர் வரவில்லை. இறுதிப் பட்டியல் வந்தபோது முதலில் அந்தத் தெருவைத்தான் புரட்டினேன். அவர் வீட்டுக் கதவு எண்ணே அதில் இல்லை. முந்தின வீடு இருந்தது, அடுத்த வீடு இருந்தது. என் மேல் வழக்கு வரலாம் என்கிறார்கள், வரட்டும். தினமும் காலையில் அவர் ஆட்டோ என் கடையைத் தாண்டித்தான் போகிறது. நான் எழுந்து நிற்கிறேன். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போகிறார்.