கைக்குக் கை கொடுத்த தொரட்டி

வேப்பங்கிளை வெட்டும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறவர் வாயில் தூசியும் தழைப் பொடியுமாக விழும். அதற்குப் பிறகு எத்தனை தடவை கொப்பளித்தாலும், அன்று ராத்திரி குடிக்கிற கம்பங்கஞ்சி வரைக்கும் கசப்பு கூடவே வரும். மற்றவர்களுக்குப் புரட்டாசி என்றால் பெருமாள் நினைவு வரலாம். எனக்கு அந்தக் கசப்புத்தான் நாக்கில் வந்து நிற்கிறது, அதோடு அம்மாவின் தோள்வலியும்.

அலங்காநல்லூருக்குத் தெற்கே, வயல்களை ஒட்டி இருந்த எங்கள் ஓட்டு வீட்டைச் சுற்றி வேம்பும் பூவரசுமாக மரங்கள் நின்றன. கோடை முழுக்க அவற்றின் நிழலில் கிடந்துவிட்டு ஐப்பசிக் காற்று வரும்போது அவற்றையே வையத் தொடங்குவோம். கூரைமேல் சாய்ந்த கிளைகள் காற்றில் ஆடி ஆடி நாட்டு ஓடுகளை நகர்த்திவிடும், அப்புறம் மழை வெளியில் பெய்வதைவிட வீட்டுக்குள் பெய்வதுதான் அதிகமாக இருக்கும். அதனால் புரட்டாசி முடிவதற்குள் "கிளை கழிச்சு" விட்டாக வேண்டும். அதற்குத் தொரட்டி வேண்டும். தொரட்டி பெரியப்பா வீட்டில் இருந்தது.

நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கொக்கிபோல வளைந்த அரிவாளைக் கட்டினால் தொரட்டி, அவ்வளவுதான். ஊரில் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அப்பா மட்டும் செய்ய மாட்டார். பாகப்பிரிவினையில் தாத்தாவின் தொரட்டி அவருடைய அண்ணன் பக்கம் போய்விட்டது. அன்றைக்கு முற்றிய பேச்சில் இருவருக்கும் பேச்சே நின்றுபோய், பக்கத்துப் பக்கத்து வீட்டில், நடுவில் ஒரு கிளுவை வேலியை வைத்துக்கொண்டு, முகம் பாராமல் வாழ்ந்தார்கள். "அது எங்கய்யா தொரட்டி. அதுல எனக்கும் பாத்தியம் இருக்கு. புதுசு எதுக்குடி வாங்கணும்?" என்பார் அப்பா. பெரியப்பாவும் ஒருநாளும் இல்லை என்றதில்லை. இல்லை என்று சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டுமே!

இந்த வீம்புக்குத் தோதாக ஒரு வழக்கமும் இருந்தது. இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். ஆகையால் பெரியம்மா தொரட்டியை வேலிச் சந்தில் தரையில் கிடத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் போவாள். அம்மா போய் எடுத்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் அம்மா கிடத்துவாள், பெரியம்மா எடுத்துக்கொள்வாள். விளக்கு வைத்த பிறகு இரும்பு வீடு விட்டு வீடு போகக் கூடாது என்பதும் சேர்த்தி. பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால், "அமுக்கிட்டாக" என்று பேச்சு வந்துவிடும். அந்தப் பேச்சுக்குத்தான் அம்மா நடுங்கினாள்.

யுத்த காலத்தில் ஒரு புரட்டாசி. அப்பா குளிர்காய்ச்சலில் விழுந்து கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்து ஊரே நடவில் இருந்ததால், மரம் ஏறக் கூப்பிட ஓர் ஆள் அகப்படவில்லை. அம்மாவும் அன்று நடவுக்குப் போய்விட்டு, முதுகை நிமிர்த்தக்கூட நேரமில்லாமல் வந்து தொரட்டியை எடுத்தாள். வழக்கமாக அப்பா மரத்தில் ஏறித் தடித்த கிளைகளை அரிவாளால் வெட்டுவார், எட்டாத நுனிகளுக்குத்தான் தொரட்டி. அம்மாவோ கீழே நின்றுகொண்டு, எல்லாவற்றையும் தொரட்டியாலேயே இழுத்தாள். நான் விழுந்த தழையைப் பொறுக்கி ஆட்டுக்குப் போட்டேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அம்மாவின் மூச்சு முனகலாக வெளியே வந்தது. "கை என்னுது மாதிரியே இல்லடி" என்று ஒரு தடவை சொன்னாள். நிறுத்தவில்லை. மேற்கே நாகமலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

சின்னக் கிளைகளோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்பா படுத்திருந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டைத் தொட்டுக்கொண்டு ஒரு தடித்த கிளை நின்றது. "இதை விட்டா மழை அவுக நெஞ்சுலதான் விழும்" என்று அம்மா கொக்கியை அதில் மாட்டி, உடம்பின் முழுக் கனத்தையும் போட்டு இழுத்தாள். அரிவாள் மரத்துக்குள் புதைந்துகொண்டது. அறுக்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

எவ்வளவு நேரம் இழுத்தோமோ தெரியாது. நானும் கழியைப் பிடித்துத் தொங்கினேன். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. நான் வழக்கப்படி விளக்கேற்றப் போனபோது அம்மா பதறிப்போய், "வைக்காதடி! இரு!" என்றாள். விளக்கு வைத்தால்தானே 'விளக்கு வைத்த பிறகு' ஆகும்? வைக்காத வரைக்கும் பொழுது இருக்கிறது என்பது அவள் கணக்கு. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் கொஞ்சம் தாமதமாக ஏற்றுவது எல்லா வீட்டிலும் உண்டுதான். அன்றைக்கோ மற்ற வீடுகளில் எல்லாம் விளக்கு வந்துவிட்டது. எங்கள் வீடு மட்டும் இருட்டில் நின்றது. உள்ளேயிருந்து அப்பா, "ஏன் இன்னும் விளக்கு வைக்கல?" என்று ஈனக்குரலில் கேட்டார். அம்மா கழியைப் பிடித்தபடியே அழுதாள்.

அப்போது வேலிச் சந்து சரசரத்தது. பெரியம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"தம்பிக்கு என்னடி ஆச்சு? வீடு ஏன் இருட்டாக் கெடக்கு?"

காய்ச்சல்காரன் இருக்கிற வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் வேறு என்ன நினைப்பாள்? அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவளிடம் பேசிய முதல் பேச்சாக, "ஒண்ணுமில்ல... தொரட்டி மாட்டிக்கிருச்சுக்கா" என்றாள்.

பெரியம்மா மேலே பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மாவின் கைக்கு மேலே தன் கையை வைத்துப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து இழுத்த இழுப்பில், படாரென்று கிளையும் தொரட்டியுமாகக் கீழே வந்து விழுந்தன. கொக்கி கோணிப்போயிருந்தது. அம்மா அதை எடுத்துத் தரையில் கிடத்தக் குனிந்தாள். குனிந்த இடுப்பு நிமிரவில்லை. பெரியம்மா அவள் கையிலிருந்தே தொரட்டியை வாங்கினாள்.

"கைக்குக் கை வாங்குறீகளேக்கா, சண்டை வந்துராது?"

"இனிமேத்தான் வரணுமாக்கும்?" என்றாள் பெரியம்மா. "போய் விளக்கை வையி."

சண்டை வரத்தான் செய்தது. மறுநாள் விடிந்ததும் பெரியப்பா கோணிய தொரட்டியும் கையுமாக வேலி ஓரத்தில் நின்று, யாரிடம் என்று இல்லாமல், "இப்படியா வளைச்சுக் குடுப்பாக? இது என்ன நாயம்?" என்று கத்தினார். அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு தள்ளாடி வெளியே வந்தார். "எங்கய்யா தொரட்டி. வளைப்பேன், ஒடிப்பேன், ஒனக்கென்னண்ணே?"

'அண்ணே' என்பது வாய்தவறி வந்துவிட்டது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "காய்ச்சக்காரன் பேசுற பேச்சா இது? ஈரக்காத்து அடிக்குது, உள்ள போய்ப் படுடா" என்றார்.

வாசலில் தழைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்த அம்மா, எழுந்திருக்கவும் தெம்பில்லாமல், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்து, "சண்டை வந்துருச்சுக்கா" என்று சிரித்தாள். அவ்வளவு அசதியான ஒரு சிரிப்பை நான் அப்புறம் பார்த்ததில்லை.

அவர்கள் நால்வரும் இன்று இல்லை. அந்த வேம்பும் கிளுவை வேலியும் இருந்த இடம் வீட்டு மனைகளாகிவிட்டது. நான் ஒத்தக்கடைப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறேன். சுற்றிலும் ஆள் உயரக் காம்பவுண்டுச் சுவர். போன வாரம் மின்வாரியத்து ஆட்கள் வந்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பியில் உரசிய வேப்பங்கிளைகளை இயந்திர ரம்பத்தால் வெட்டித் தள்ளினார்கள். தழையைத் தின்ன ஓர் ஆடு வரவில்லை. பொழுது சாய்ந்து தெருவுக்கெல்லாம் வெளிச்சம் வந்த பிறகும் எங்கள் வீட்டுக்கு மட்டும் மின்சாரம் வரவில்லை. மகனும் மருமகளும் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. மெழுகுவர்த்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் ஏற்றவில்லை. வாசல் கதவைத் திறந்துவைத்து, வாயில் அந்தக் கசப்போடு, இருட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

யாரும் வந்து கேட்கவில்லை.