‘வேறு வியாதி’ என்று ஒரு கட்டம்

“ஊர்ல இருக்கறவா வியாதியை எல்லாம் எழுதி எழுதி, என்னையும் நோயாளியாக்கிட்டுத்தான் நீ ஓயப்போறே! என் சுகர் விஷயம் இந்த வாசலைத் தாண்டக் கூடாது, சொல்லிட்டேன். நம்ம வித்யா ஜாதகம் லலிதா வீட்ல இருக்கு.”

இது என் கணவர். கொரோனா இரண்டாவது அலையில் நான் பார்த்தது சம்பளமில்லாத டெலிபோன் வேலை. மும்பை செம்பூரில் எங்கள் காலனிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இடம் கேட்கும் தமிழர்களின் வீட்டுக்கு நானும் பி விங் லலிதாவும் போன் செய்து படிவம் நிரப்புவோம். வயது, மூச்சு, எத்தனை நாள் காய்ச்சல், கடைசியில் ‘வேறு வியாதி’ என்று ஒரு கட்டம். சுகர், பிரஷர், கிட்னி உள்ளவர்கள்தான் சட்டென்று கையை விட்டுப் போகிறார்கள். டாக்டர்கள் அவர்கள் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடமிருந்து ஒரு வியாதியின் பெயரை வரவழைத்துப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மாதுங்கா மாமா

எழுபத்து நான்கு வயது, ரிட்டயர்டு ஆபீசர். “ஒரு வியாதியும் கிடையாது” என்று கண்டிப்பாகச் சொன்னார். மாத்திரை ஏதாவது உண்டா என்றேன். காலையில் இரண்டு, ராத்திரி ஒன்று. எதற்கு? சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு இரண்டு. பின்னே ஏன் இல்லை என்கிறீர்கள் என்று சிடுசிடுத்தேன்.

“மாத்திரை போட்டுண்டா எல்லாம் நார்மலா இருக்கும்மா. நார்மலா இருக்கறதை வியாதின்னு எப்படி எழுதுவே?”

யார் விரல்?

தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். காய்ச்சல் வந்து எட்டு நாள். ஆக்சிஜன் தொண்ணூற்றேழு, பயமில்லை என்றான் மகன். பின்னால் அவர் தண்ணீர் கேட்பது எனக்குக் கேட்டது. “தண்ணி கொண்டா” என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் மூன்று முறை மூச்சு வாங்கினார். மிஷினை யார் விரலில் வைத்தாய் என்று அதட்டினேன்.

“வாப்பா வெரல் பூரா தோல் சாயம், நம்பரே வரலக்கா. அதான் என் வெரல வச்சேன். அவுக ரத்தம்தானே எனக்கும் ஓடுது?”

சாயம் படாத சுண்டுவிரல் ஒன்று கிடைத்தது. எண்பத்திரண்டு. ஆம்புலன்ஸ் போயிற்று. இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தார்.

எங்கள் வீட்டுப் படிவம்

அடுத்த வாரம் என் கணவருக்கே ஆக்சிஜன் இறங்கியது. அன்று டூட்டி லலிதாவுக்கு. அவள் பிள்ளைக்குத்தான் எங்கள் பெண் வித்யாவைப் பேசிக்கொண்டிருந்தோம். போனில் கேட்டாள்: “வேறு வியாதி?” பொய் சொன்னதற்காகக் கான்வென்டில் முட்டி போட்டவள் நான். “ஒண்ணும் இல்லை” என்றேன்.

மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். ஸ்டீராய்டு கொடுத்ததில் சுகர் நானூறைத் தாண்டிவிட்டதாம், முன்பே உண்டா என்றார். ஆறு வருஷமாக என்றேன். “மத்தவங்களை இந்தக் கேள்வி கேக்கறதே நீங்கதானே, மேடம்?” என்றார். ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள்.

வெட்கத்தை விட்டு லலிதாவிடம் சொல்லிப் படிவத்தைத் திருத்தச் சொன்னேன்.

“தெரியும் மாமி. மாசாமாசம் லேப் வாசல்ல அவரைப் பார்க்கறேனே, எங்காத்துக்காரரைக் கூட்டிண்டு நானும் அங்கேதான் போறேன். நீங்க இல்லேன்னதும் ‘உண்டு’ன்னு எழுத மனசு வரலை. சம்பந்தி ஆகப்போறவா இல்லையா!”

இருபத்திரண்டு நாள் கழித்து, பாதி உடம்பாக, வீட்டுக்கு வந்தார். கல்யாணமும் நடந்தது. வைரஸிடமிருந்து டாக்டர்கள் காப்பாற்றினார்கள், இரண்டு சம்பந்திகளின் நாசூக்கிலிருந்து அவர் தானாகத்தான் தப்பித்தார்.

இதை எழுதும்போது, பேரனின் ஆண்டு நிறைவு லட்டு டப்பாவோடு பால்கனியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். நாலு தடவை கூப்பிட்டாயிற்று.

“ஏன்னா, அந்த டப்பாவை இப்படிக் கொடுங்கோ.”