அப்புத்தளைச் சுவரில் ஓர் அடுப்பு

அப்புத்தளைக்குக் கீழே, பேருந்துத் தரிப்பிடத்தின் சுவரில் கரியால் ஓர் அடுப்பின் செய்முறைப் படம் வரையப்பட்டிருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை கழித்துவிட்ட எண்ணெய்த் தகரம் அதன் உடல். செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்தில் வெட்டி வீழ்த்திய தேயிலைக் குச்சியாகிய மிலாறு அதன் விறகு. எரிந்த சாம்பல், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கீரைப்பாத்திக்குத் திரும்புகிறது. காற்றுத் துளைகளை மட்டும் வேறொரு கை செங்கல் துண்டால் திருத்தியிருக்கிறது.

"அது பண்டாரவளைப் பக்கத்து ஆளுங்க போட்டதுங்க. நான் தொளைய ஒசரத்துல வச்சுட்டேன், ஒரே பொகை. அவங்க எறக்கிப் போட்டாங்க," என்று சிரிக்கிறார், படத்தை முதலில் வரைந்த சிவகாமி. கொழுந்து பறிப்பவர்.

அப்போது இரும்புக்கடைக்காரர் ஒருவர் சுண்ணாம்பு வாளியும் அதைப் பூசும் மட்டையுமாக வந்து நிற்கிறார்.

"தங்கச்சி, இத நம்ம கடையில செஞ்சு ஒன் பேரையே போட்டு விக்கிறேன். செவத்த மட்டும் வெள்ளையடிச்சிருவோம்."

"எம் பேரு என்னாத்துக்கு மொதலாளி? நீங்களும் பாத்துச் செஞ்சு வித்துக்குங்க, வேணாங்கல. செவத்த அழிச்சா லயத்து ஆளுங்க எல்லாம் ஒங்க வாசல்ல வந்துதானே நிக்கணும்?"

"மழை பேஞ்சா தானா அழிஞ்சிரும்."

"அழியட்டுமே. திரும்ப வரைய ஏழு தோட்டத்துல ஆள் இருக்கு."

அவர் மட்டையை நனைக்கிறார். சிவகாமி சுவருக்கும் அவருக்கும் நடுவே போய் நின்று, முதுகைக் காட்டியபடியே கரித்துண்டை எடுத்துப் படத்தின் கீழ் பெரிய எழுத்தில் எழுதுகிறார்: "யாரும் செய்யலாம். மாற்றிச் செய்தவர் இங்கே வரைந்துவிட்டுப் போகவும்."