அம்மாவுக்காக மேகத்தைக் குறைத்த ரியாஸ் அண்ணா

ரியாஸ் அண்ணா இறந்துவிட்டார்...

காலையில் நெஞ்சுவலி. வேலூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ஆம்பூர் பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவர். பிரிண்டருக்கு இங்க் போட உங்களில் பலர் போயிருப்பீர்கள். கடைக்கு உள்ரூமில் விமானம் ஓட்டிப் பார்க்கிற ஒரு ஃப்ளைட் சிமுலேட்டரும், கண்ணில் மாட்டிக்கொள்கிற விஆர் ஹெட்செட்டும் வைத்திருந்தார். அது சிலருக்குத்தான் தெரியும். ஹெட்செட்டை மாட்டினால் போதும், சுற்றிலும் விமானம். மேலே வானம், கீழே ஊர்.

போன வருஷம் என் அம்மாவுக்கு ஒரு சிக்கல் வந்தது. அம்மா ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் சூப்பர்வைசர். இத்தாலியில் நடக்கும் ஷூ கண்காட்சிக்கு அவர்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போனால் ப்ரமோஷன். போகாவிட்டால் அது வேறு ஆளுக்கு.

அம்மா அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. விமானம் குலுங்குகிற வீடியோக்களாகத் தேடிப் பார்த்துவிட்டு, "எனக்கு ப்ரமோஷனே வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் போய் ரியாஸ் அண்ணாவிடம் சொன்னேன். அம்மாவை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்காவ ஞாயித்துக்கிழம கூட்டினு வா. இங்கயே ஒரு ரவுண்டு பறந்து பாக்கட்டும்" என்றார்.

போனோம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்ன செய்வோமோ அதையே அவரும் செய்தார். முதலில் பிரியாணி. "போதும் தம்பி, போதும்" என்று அம்மா இலையை மறைக்க மறைக்க, இன்னும் ஒரு கரண்டி. அப்புறம் சிமுலேட்டரிலும் அதே உபசாரம்... மேகம், நிழல், மரம், கட்டடம், எல்லா செட்டிங்கும் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்திருந்தார். "அக்கா மொத மொத பறக்கறாங்க, கம்மியா காட்டலாமா?"

பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கம்ப்யூட்டர் திணறியது. அம்மா தலையைத் திருப்பினால் படம் கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்பியது.

விமானம் மேலே ஏறும்போதே அம்மா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு கையை நீட்டினார். அண்ணா பக்கத்தில் கிடந்த காலி ஷூ டப்பாவை எடுத்துக் கொடுத்தார்... பிரியாணி முழுக்க அதில். டப்பா மேல் அம்மா கம்பெனி பேரே இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அம்மா சொன்னார். "நாளைக்கே மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்."

"அக்கா, விமானம் உங்கள ஒண்ணும் பண்ல. நான்தான் பண்ணேன்" என்றார் அண்ணா. "உங்க தல முன்னாடி போவுது, படம் பஸ் புடிச்சு பின்னாடி வருது. வயிறு இன்னா பண்ணும்? ஒரு வாரம் டைம் குடுங்க."

அந்த வாரம் ஸ்கூல் விட்டு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு செட்டிங்கைக் குறைப்பார், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தலையை வெடுக்கென்று இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பார். பிறகு அடுத்தது. நிழல் போனது. மரங்கள் பாதியாயின. மேகமும் குறைந்தது. வேலை முடியாமல் லேப்டாப்கள் வரிசையாகக் காத்திருந்தன. யாராவது கேட்டால், "இரு தோஸ்த், ஒரு அக்காவ இத்தாலி அனுப்பணும்" என்பார்.

அடுத்த ஞாயிறு. இந்த முறை பால் ஊற்றாத டீ மட்டும். பைலட் சீட்டும் இல்லை, ரெக்கை தெரிகிற ஜன்னலோரத்தில் அம்மாவுக்கு இடம் போட்டிருந்தார். "நீங்க டிரைவர் இல்லியே அக்கா, பேசஞ்சர்தானே."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். விமானம் சென்னையிலிருந்து ஏறி மேற்கே போனது.

"தம்பி, மேகம் என்ன இட்லி மாவு மாதிரி இருக்கு?"

"அழகு வேணாம்க்கா. ஆடாம இருக்குதா, அத்த சொல்லுங்க."

ஆடவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா குனிந்து கீழே பார்த்தார். "அது பாலாறா? இதுலயும் தண்ணி இல்லியா!"

அண்ணா சிரித்த சிரிப்பில் முன்ரூமில் இருந்த கஸ்டமர் எழுந்து வந்து பார்த்தார். அம்மா என் கையை எப்போது விட்டார் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா இத்தாலி போனார். ப்ரமோஷனும் வந்தது.

திரும்பி வந்ததும் நேராக அண்ணா கடைக்குப் போய், "தம்பி, தப்பா நெனைக்காத... நெஜ மேகம் உன்னோடத விட நல்லா இருக்கு" என்றார்.

அண்ணா ரொம்ப சீரியஸாக முகத்தை வைத்துக்கொண்டார். "மேல இருக்கறவன் கிராஃபிக்ஸ் கார்டு வேறக்கா. நமக்குக் கட்டுப்படி ஆவாது."

எத்தனையோ புத்தகங்களில் புத்திசாலிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். அடுத்தவர் வயிற்றுக்காக ஒரு வாரம் தன் தலையை ஆட்டிப் பார்த்தவரை நேரில்தான் பார்த்தேன்.

அம்மா இப்போது இரண்டாவது கண்காட்சி முடிந்து திரும்பிக்கொண்டிருக்கிறார். ஏர்போர்ட்டில் இருக்கும்போதே ஃபோனில் சொல்லிவிட்டேன். "ரியாஸா?... நம்ம ரியாஸா?" என்றார். பின்னால் ஏதோ அறிவிப்பு மட்டும் கேட்டது.

"கூப்புடறாங்க. ஏறிட்டு வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அப்பா போகிறார்.

அந்த நேரத்தில் அம்மா மேகத்துக்கு மேலே இருப்பார்... தனியாக, பயமில்லாமல்.

போய்வாருங்கள், அண்ணா.