முந்தானையில் விழுந்த காய்கள்

போடியில் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. உடன் வேலை பார்க்கும் செல்வியின் ஒன்றரை வயது மகள் மத்தியானம் என் மடியில்தான் தூங்குவாள்.

சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் எல்லோரும் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். அன்று நான் உதற, காய்கள் பொலபொலவென்று விழுந்தன. திருடி என்று பேர் வந்தால் எந்த ஸ்டோரிலும் சேர்க்க மாட்டார்கள்.

“என்னத்தா இது?” என்றார் சூப்பர்வைசர்.

“சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே” என்று அழுதுவிட்டேன்.

செல்வியின் மகள் தத்தித் தத்தி வந்தாள். விழுந்த காய்களைப் பொறுக்கி மறுபடியும் என் முந்தானைக்குள் திணித்தாள். ஒன்றை அவர் கையிலும் வைத்தாள்.

“அடி களவாணி, நீதானா!” என்று சிரித்தவர், “வெரசா வீட்டுக்குப் போத்தா” என்றார் என்னிடம்.

இப்போதும் அவள் என் மடியில்தான் தூங்குகிறாள். எழுந்ததும் முந்தானையை அவளிடம் உதறிக் காட்டுகிறேன். அவளும் தன் கவுனை உதறிக் காட்டுகிறாள்.