கோபித்துக்கொள்பவருக்கு ஒரு கட்டம்

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஸ்ரீராம்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர் அவர். சாயமேற்றிய மீசை, நெற்றியில் சந்தனம். எந்த நாற்காலியையும் இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் உட்காருவார். வலைத்தளம் செய்யும் எங்கள் ஆபீசுக்கு வந்தபோது, அங்கிருந்த நாற்காலியையும் ஆட்டினார்.

மண்டபத்தின் வலைத்தளத்தில் புக்கிங் வசதி சேர்ப்பது நான் தனியாகச் செய்த முதல் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவிடம் பெருமையாகக் காட்டுவதற்காகவே அந்த ஃபாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன்.

"உங்க வீட்ல யாரு கோவிச்சுக்குவாங்கன்னு ஒரு கட்டம் போடும்மா. பேர் எழுதாம புக்கிங் ஆகக் கூடாது" என்றார்.

"சார், பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எல்லாக் கல்யாணத்துலயும் ஒருத்தர் பேஜாராயி எழுந்து போவாரு. முன்னாடியே தெரிஞ்சா ஃபேன் கீழ சேர் போட்டு, முதல் காபி அவருக்குக் குடுத்துடுவேன்."

வேண்டாவெறுப்பாகச் சேர்த்தேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமைக்கு என் பெயரில் ஒரு புக்கிங் போட்டேன். அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதினேன்.

ஞாயிறு காலை ஃபோன் வந்தது.

"எங்க இருக்கேம்மா? அப்பாவுக்கு சேர் போட்டாச்சு. காபி ஆறுது."

"சார், அது சும்மா டெஸ்ட். கல்யாணமே இல்ல."

"அப்பாகிட்ட சொல்லிட்டியா? கூப்பிடலன்னு கோவிச்சுக்கப் போறாரு."

பக்கத்தில் இருந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கோவக்காரன்னு என் பேரையா போட்டே?" என்று எழுந்து போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் மறுபடி ஃபோன்.

"இங்கதாம்மா இருக்காரு. ரெண்டாவது காபி ஓடுது."

அப்பாவுக்குப் போட்ட நாற்காலியை ஆட்டிப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. ஆட்டியிருப்பார்.